பதிலுக்கு என்ன

எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
ஃபர்வானியாவில் ஓர் அடித்தளம்,
பதினெட்டு வரிசை அலமாரி,
தண்டனை மாதிரி குளிர்.
வாங்க வருபவர் யாரும் உள்ளே வருவதில்லை.
மணிக்கட்டில் கட்டிய கருவி சொல்லும்:
ஏழு பி, தக்காளி, ஒரு கிலோ, நாற்பது நொடி.
ஓடுவேன்.

முகம் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது.
பட்டியல் பார்க்கிறேன்.
நள்ளிரவில் இஞ்சியும் தேனும் மட்டும் கேட்டால்
யாருக்கோ தொண்டை கட்டியிருக்கிறது.
சால்மியா நாலாம் மாடியில்
டயப்பர் அளவு இரண்டு மூன்றானது,
மூன்று நாலானது.
நான் பார்க்காமலே ஒரு குழந்தை
நடக்க ஆரம்பித்துவிட்டது.

இதற்கு முன்னால் ஹசாவியில் ஒரு பக்காலா.
அது சொர்க்கம் என்று சொல்லமாட்டேன்.
பதினாலு மணிநேரம் நின்ற கால்.
கடன் நோட்டில் எழுதியவன் ராத்திரியோடு ஊருக்குப் பறந்தால்
என் சம்பளத்தில் கழியும்.
அழுகின வெங்காயத்தையும் முதலாளி எண்ணுவார்.

பக்காலாவின் பின்சந்தில்
வெள்ளிக்கிழமை சாயங்காலம்
நீலக் குளிர்பெட்டியோடு நைனா மீரான் நிற்பார்.
ஐஸ் வைக்கும் பெட்டியில் சூடு வைத்திருப்பார்.
மாங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல்,
நூறு ஃபில்ஸுக்கு மூன்று பருப்பு வடை.
பலதியா வண்டி முனை திரும்பினால்
பெட்டியை மூடி அதன்மேலேயே உட்கார்ந்து
பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆள் ஆகிவிடுவார்.
அந்தச் சந்தில் பஸ் வராது.
பலதியாக்காரருக்கும் அது தெரியும்.
ஒரு வெள்ளிக்கிழமை
தெரியாத மாதிரி இருக்க அவருக்கு மனசில்லை.
பெட்டி போனது.
பிறகு மீரானையும் காணோம்.
நானும் வேலை மாறிவிட்டேன்.

நேற்று இரவு ஒரு பட்டியல்.
காய்ந்த பட்டாணி ஆறு கிலோ.
கடலைப்பருப்பு நாலு.
எண்ணெய் ஐந்து லிட்டர், தேங்காய் எட்டு,
காகிதத் தட்டு இருநூறு,
மாங்காய் மூன்று, பச்சை, கல் மாதிரி.
பெயர்: என். எம்.
குறிப்பு: மணி அடிக்க வேண்டாம், கீழே நிற்கிறேன்.

மாங்காய் இல்லை.
இல்லாவிட்டால் கருவியே ஒன்றைச் சிபாரிசு செய்யும்:
டப்பாவில் அடைத்த பீச் பழம்.
அனுப்பவா என்றது.
ஒருவேளை வேறு யாரோ.
ஆனாலும் அனுப்பவில்லை.
தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன்.
மாங்கா இல்லண்ணே. நெல்லிக்கா இருக்கு.

யாருப்பா இது?

பெயர் சொல்லக்கூடாது. விதி.
மூணு வடை, சட்னி வேண்டாம், மிளகாய் ரெண்டு
என்று அடித்தேன்.

மூன்று புள்ளி துடித்தது, நின்றது,
மறுபடி துடித்தது.
பக்காலா பையனா நீ?
நெல்லிக்கா துவர்க்கும்டா. எலுமிச்சை போடு.

ஆறு எலுமிச்சை.
ஒவ்வொன்றையும் கையில் உருட்டி
தோல் மெல்லியதாக, கனமானதாக எடுத்தேன்.
கருவி முதலில் மஞ்சளானது.
பிறகு சிவப்பு.
நாற்பது நொடி வேலைக்கு இரண்டு நிமிடம்,
காலையில் சூப்பர்வைசர் கேட்பான்.
கேட்கட்டும்.

ஒன்றரை மணிக்கு
பைக் பையன் தில்பகதூர் திரும்பி வந்தான்,
ஜாக்கெட்டுக்குள் ஒரு பொட்டலம்.
அந்தக் கட்டடத்துக்குக் கீழே
ஆரஞ்சுச் சட்டை, பச்சைச் சட்டை, மஞ்சள் சட்டை,
எல்லாக் கம்பெனிப் பைக்கும் நிற்கிறதாம்.
ஊருக்கெல்லாம் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள்
அங்கே நின்றுதான் சாப்பிடுகிறார்களாம்.

காகிதத்தில் மூன்று எண்ணெய் வட்டம்.
வடை இரண்டு.
தில்பகதூரைப் பார்த்தேன்.
வழியில் பசித்தது என்றான்.

கேமரா எட்டாத பதினாலாம் வரிசையில்
உறைந்த மீன்களின் முன்னால் நின்று
கடித்தேன்.
உள்ளே இன்னும் சூடு.

மணிக்கட்டு அதிர்ந்தது.
ஏழு பி, தக்காளி, இரண்டு கிலோ.
சரி என்று தொட்டேன்.
திரை அசையவில்லை.
மறுபடி தொட்டேன்.
எண்ணெய் விரலை
அதற்கு அடையாளம் தெரியவில்லை.